கனடா ஆடாத ஆட்டத்தில் தொடங்குங்கள்: உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி பார்க்க ஒரு வழிகாட்டி

கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடைகளில் தள்ளுபடி என்பது வந்த உடனேயே தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர், பிள்ளையின் வகுப்புத் தோழன் என்று எல்லோரும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வது ஏன் என்பது பிடிபடச் சில வருடம் ஆகும். அவர்கள் பார்ப்பது உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கிப் போட்டி. பத்து நாடுகள், 20 வயதுக்குட்பட்ட பையன்கள், டிசம்பர் 26இல் தொடங்கி ஜனவரி 5 வாக்கில் முடிந்துவிடும்.

ஐஸ் ஹாக்கியைப் பழகிக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லில் 32 அணிகள். ஒவ்வொன்றும் எண்பதுக்கு மேல் ஆட்டங்கள் ஆடும். அக்டோபரில் ஆரம்பித்து ஜூன் வரை இழுக்கும். எங்கே நுழைவது என்றே தெரியாது. ஜூனியர் போட்டியில் மொத்தமே 29 ஆட்டங்கள்தான். எல்லாம் நாடுகள் என்பதால் பெயர்கள் தெரியாவிட்டாலும் யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்வது சுலபம். விடுமுறைக் காலம் வேறு. சரி, எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

போட்டி எப்படி நடக்கிறது

நடத்துவது சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு. அதிகாரபூர்வமாக 1977இல் தொடங்கியது. யார் ஆடலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: போட்டி முடியும் ஆண்டிலிருந்து 20ஐக் கழியுங்கள். 2027 போட்டி என்றால் 2007ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். பெரும்பாலும் 18, 19 வயதுக்காரர்கள். 16 வயதில் வந்து கலக்கியவர்களும் உண்டு. 1978இல் மாண்ட்ரியலில் நடந்த போட்டியில் பின்னாளில் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயரான வேய்ன் கிரெட்ஸ்கிக்கு வயது 16; போட்டியிலேயே அதிகப் புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்ந்த கணக்கு) எடுத்தவர் அவர்தான். அப்படியும் கனடாவுக்கு வெண்கலம்தான் கிடைத்தது.

கிரிக்கெட்டில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், நம் ஊரில் அந்தக் கோப்பையை இறுதி ஆட்டத்தன்றுதான் திரும்பிப் பார்ப்போம். இங்கே முதல் நாளிலிருந்தே அரங்கம் நிரம்பும். இது கனடாவில் மட்டும் நடக்கிற கூத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் நடக்கும்போது பல ஆட்டங்களில் காலி இருக்கைகளைப் பார்க்கலாம். போட்டி திரும்பத் திரும்பக் கனடாவுக்கே வருவதற்கு இந்தக் கூட்டமும் அது கொண்டுவரும் டிக்கெட் பணமும் முக்கியக் காரணம். 2023இல் ஹாலிஃபாக்ஸும் மாங்டனும், 2025இல் ஒட்டாவா. 2026இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் போய்விட்டு, 2027க்கு ஆல்பர்ட்டாவின் எட்மண்டனுக்கும் ரெட் டியருக்கும் வருகிறது.

பத்து அணிகளும் ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் ஒவ்வொரு அணியும் மற்ற நான்கோடும் ஆடும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு அணிகள் காலிறுதிக்குப் போகும். இரண்டு பிரிவிலும் கடைசியில் நிற்கும் அணிகள் தங்களுக்குள் மோதும். அதில் தோற்பவர் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும், கீழ்ப் பிரிவில் ஜெயித்தவர் மேலே வருவார். ரஷ்யாவையும் பெலாரஸையும் 2022இலிருந்து சேர்ப்பதில்லை. பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கும்போது ரஷ்யா நிறையத் தட்டுப்படும், அதனால் சொன்னேன்.

அட்டவணையைப் படிப்பது

போட்டிக்கு முன்பே முழு அட்டவணையும் வந்துவிடும். அதைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு நாள் பிரிவு ஆட்டங்கள், ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்குவரை. டிசம்பர் 31ஆம் தேதியை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். கனடாவும் அமெரிக்காவும் ஒரே பிரிவில் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்குத்தான் மோதவிடுவார்கள். புத்தாண்டு விருந்துக்கு அழைத்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் காரணம், உங்களை அவமதிக்கவில்லை. பிறகு ஜனவரி 2 வாக்கில் ஒரே நாளில் நான்கு காலிறுதி. 4ஆம் தேதி வாக்கில் அரையிறுதி. மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டமும் இறுதியும்.

கனடாவில் ஒளிபரப்புவது டிஎஸ்என். பிரெஞ்சு வேண்டுமானால் ஆர்டிஎஸ். போட்டி ஐரோப்பாவில் நடக்கிற வருடங்களில் டொரோண்டோவில் காலையிலேயே ஆட்டம் ஆரம்பித்துவிடும், கவனம்.

புள்ளிக் கணக்கு: வழக்கமான 60 நிமிடத்தில் ஜெயித்தால் 3. ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்திலோ ஷூட் அவுட்டிலோ (ஒவ்வொருவராகத் தனியே வந்து கோல்கீப்பரை எதிர்த்து அடிப்பது) ஜெயித்தால் 2. அப்படித் தோற்றவருக்கும் 1 உண்டு. கோல் வித்தியாசமும் வேண்டியிருக்கலாம் என்பதால் பலமான அணி நடுவில் நிறுத்தாது. 2019 போட்டியில் கனடா டென்மார்க்கை 14-0 என்று அடித்தது. "போதும் விடுங்கப்பா" என்று நமக்குத் தோன்றும், அவர்கள் விடமாட்டார்கள்.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது

இங்கே என் யோசனை, சுற்றியிருப்பவர்கள் சொல்வதற்கு நேர் எதிரானது. நேரில் போவதாக இருந்தால் முதல் ஆட்டமாகக் கனடாவின் ஆட்டத்தை எடுக்காதீர்கள்.

காரணங்களில் பணம் ஒன்று. கனடா ஆடும் ஆட்டத்துக்கு டிக்கெட் விலை எகிறும். குடும்பத்தோடு போனால் மாத மளிகைச் செலவு போய்விடும். பணத்தைவிடப் பெரிய காரணம் வேறு. கனடா ஆட்டத்தில் சத்தத்திலும் கொடிகளிலும் கண் போய்விடும், மைதானத்தில் நடப்பது மனதில் ஏறாது. சுவிட்சர்லாந்தும் ஸ்லோவாகியாவும் மோதும் ஒரு மத்தியான ஆட்டத்துக்குப் போனால் நல்ல இருக்கை கிடைக்கும். சறுக்குக் காலணி பனியைக் கீறும் சத்தமும், வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தமும் காதில் விழும். அந்த ஆட்டத்தில்தான் விளையாட்டைக் கற்றுக்கொள்ள முடியும். இப்படிப்பட்ட ஆட்டங்களில் இரண்டு அணிக்குமே காலிறுதிக்குள் போவதா, கீழே இறங்குவதா என்ற பிரச்சினை இருக்கும். உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

சின்ன நாடுகளை லேசாக எடைபோட வேண்டாம் என்பதற்கு 2025 போட்டி நல்ல பாடம். அதற்கு முந்தைய வருடம் லாத்வியாவைக் கனடா 10-0 என்று தோற்கடித்திருந்தது. ஒட்டாவாவில் அதே இரண்டு அணிகளும் மறுபடி மோதின. சொந்த ஊர், நிறைந்த அரங்கம். லாத்வியாவின் கோல்கீப்பர் லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் அன்று தடுத்த அடிகள் 55. ஆட்டம் 2-2 என்று ஷூட் அவுட்டுக்குப் போய், லாத்வியா ஜெயித்தது. இந்தப் போட்டியில் கனடாவை அவர்கள் வென்றது அதுவே முதல் முறை. அதே ஆட்டத்தில் கனடாவின் மாத்யூ ஷேஃபர் கோல்கம்பத்தில் மோதிக் கழுத்துப்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து என்ஹெச்எல் தேர்வில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் 'டிராஃப்ட்') முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தார்கள்.

அடுத்த பெரிய நட்சத்திரம் பெரிய அணியில்தான் இருப்பார் என்பதும் இல்லை. இன்று உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான லியோன் டிரைசைட்டில் இந்தப் போட்டிக்கு வந்தது ஜெர்மனி அணியோடு. 2014இல் என்ஹெச்எல் தேர்வில் மூன்றாவது ஆளாக எட்மண்டன் அணி அவரை எடுத்தது.

டிக்கெட் வாங்குவது

முதலில் பல ஆட்டங்களைச் சேர்த்துத் தொகுப்பாக விற்பார்கள், தனி டிக்கெட் பிறகுதான் வரும். தொகுப்பைப் பார்த்துப் பயந்துவிடாமல் தனி டிக்கெட்டுக்குக் காத்திருங்கள். வழக்கமாக இரண்டு அரங்குகளில் நடக்கும். கனடாவின் பிரிவு பெரிய அரங்கில், மற்றது சின்னதில். சின்ன அரங்குதான் நமக்குத் தோது. ஆட்டம் கிட்டத்தில் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. போட்டிக்கு முந்தைய நாட்களில் அணிகள் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பயிற்சி ஆட்டங்கள் ஆடும். அதே வீரர்கள், சின்ன அரங்கு, குறைந்த விலை. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

இருக்கையைப் பொறுத்தவரை, கண்ணாடிக்குப் பக்கத்து முதல் வரிசை பார்க்க ஆசையாக இருக்கும். வீரர்கள் இடிக்கும்போது சுற்றுப் பலகை அதிர்வது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. முதல் தடவைக்கு நடு உயரத்தில், பக்கவாட்டில் உட்காருங்கள். ஐந்து வீரர்களும் சேர்ந்து நகர்வது அங்கிருந்துதான் புரியும்.

போகிற அன்று

உள்ளேயும் குளிரும். வெளியே மைனஸ் 15 என்றால் வந்த கோட்டையே போட்டுக்கொண்டு உட்காருங்கள். தொப்பி பையில் இருக்கட்டும். பையின் அளவுக்குப் பல அரங்குகளில் கட்டுப்பாடு உண்டு, கிளம்பும் முன் அரங்கின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் விடமாட்டார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பூட்டீன் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்; பார்க்க உருளைக்கிழங்கும் சீஸும் மட்டும் மாதிரித்தான் இருக்கும், ஆனால் மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு.

கைக்குழந்தையோடு போனால் காதை மூடும் கருவி அவசியம். கோல் விழுந்ததும் அடிக்கிற சங்கு சாதாரணச் சத்தம் அல்ல.

முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். வீரர்கள் வார்ம் அப் செய்ய வருவார்கள். அப்போது கண்ணாடி பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். ஒவ்வொருவரும் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பது டிவியில் தெரியவே தெரியாது. பக் எனும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டின் எடை சுமார் 160 கிராம், ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்திருப்பார்கள், அப்போதுதான் துள்ளாமல் வழுக்கும். கோல்களுக்குப் பின்னால் வலை கட்டியிருந்தாலும் பக்கவாட்டில் பக் பறந்து வரும் வாய்ப்பு உண்டு. ஆட்டம் நடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பக்கைத் தேடாமல் பார்ப்பது

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது, "பக் எங்கே இருக்குன்னே தெரியலை." உண்மைதான், தெரியாது. நாற்பது வருடமாகப் பார்ப்பவர்களுக்கும் பாதி நேரம் தெரியாது. அவர்கள் வீரர்களின் உடம்பைப் பார்த்து ஊகிக்கிறார்கள். ஐந்து தலைகள் எந்தப் பக்கம் திரும்புகின்றனவோ அங்கே பக் இருக்கும்.

முதல் பத்து நிமிடம் பக்கை முழுக்க மறந்துவிட்டு வீரர்கள் மாறுவதை மட்டும் பாருங்கள். பனியில் ஒரு அணிக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். பெஞ்சில் அதைவிட அதிகமானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முழு வேகத்தில் ஆடக்கூடியது முக்கால் நிமிடம்தான். அதற்குள் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார், பலகையைத் தாண்டி அடுத்தவர் குதிப்பார். ஆட்டம் நிற்காது, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுவார்கள். பெஞ்சுக்குத் திரும்புகிறவர் கதவு வழியாகப் போவார், பனிக்கு வருகிறவர் பலகை மேல் காலைத் தூக்கிப்போட்டுத் தாண்டுவார். ஒரு அணி தப்பான நேரத்தில் மாறினால் எதிரணிக்கு மூன்று பேருக்கு இரண்டு பேர் என்று வழி திறந்துவிடும். கோல்களில் கணிசமானவை இந்தச் சொதப்பலில் வருபவைதான்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில், அதாவது பீரியட்களில், இரண்டாவதில் இதை இன்னும் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும். முதலிலும் மூன்றாவதிலும் தங்கள் கோலைக் காக்கும்போது பெஞ்ச் பக்கத்தில் இருக்கும். இரண்டாவதில் பெஞ்ச் தூரத்துக்குப் போய்விடும். தற்காப்பில் மாட்டிக்கொண்ட அணி ஆள் மாற முடியாமல் தவிக்கும். ஒன்றரை நிமிடமாக உள்ளேயே நிற்பவரைப் பாருங்கள்: ஸ்டிக்கை முழங்காலுக்குக் குறுக்கே வைத்துச் சாய்ந்திருப்பார், பக் பக்கத்தில் வந்தாலும் கால் எழும்பாது. அடுத்த சில நொடிகளில் கோல் விழ நல்ல வாய்ப்பு. பழகியவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி நம்மை அசத்துவார்கள். ரகசியம் இவ்வளவுதான்.

ஆட்டம் 20 நிமிடமாக மூன்று பீரியட். விசில் ஊதினால் கடிகாரம் நின்றுவிடும். நடுவில் இரண்டு இடைவேளை, அப்போது வண்டி வந்து பனியை வழுவழுப்பாக்கும். மொத்தம் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விசில் எதற்கு

அடிக்கடி நிற்பதற்கு இரண்டு காரணம். பனியில் இரண்டு நீலக் கோடுகள் இருக்கும். எதிரணியின் நீலக் கோட்டைப் பக் தாண்டும் முன் நம் ஆள் தாண்டினால் ஆஃப்சைட். தன் பாதியிலிருந்தே அடித்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பக்கை அனுப்பிவிட்டால் ஐசிங். ஐசிங் செய்த அணி ஆள் மாறக் கூடாது என்பதுதான் அதற்குத் தண்டனை. மேலே சொன்ன களைத்த கால்களோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்கும்.

அப்புறம் தண்டனை நிமிடங்கள். காலை வாரினால், ஸ்டிக்கால் மாட்டி இழுத்தால், பிடித்து நிறுத்தினால் இரண்டு நிமிடம் வெளியே. அந்த அணி நான்கு பேரோடு ஆட வேண்டும். எதிரணிக்கு அது பவர் ப்ளே. ஓவர் கணக்கெல்லாம் இல்லை, ஒரு கோல் விழுந்தால் சின்னத் தண்டனை அதோடு முடிந்துவிடும். ஆபத்தான மோதலுக்கு ஐந்து நிமிடம், கூடவே ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை கோல் விழுந்தாலும் தண்டனை குறையாது.

புதியவர்கள் திகைத்துப்போகும் ஒரு காட்சி: நடுவர் கையைத் தூக்கியபடி சறுக்கிக்கொண்டிருப்பார், விசில் ஊதமாட்டார், திடீரென்று ஒரு கோல்கீப்பர் கோலை விட்டுவிட்டுப் பெஞ்சுக்கு ஓடுவார். எதிரணி தப்பு செய்துவிட்டது, ஆனால் பக் இந்த அணியிடம் இருக்கிறது என்று அர்த்தம். எதிரணி பக்கைத் தொட்டதும் விசில் விழும், அதனால் அவர்களால் கோல் அடிக்க முடியாது. அதுவரை கோல்கீப்பருக்குப் பதில் ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கலாம். ஆட்டத்தின் கடைசி ஓரிரு நிமிடத்தில் தோற்கும் அணியின் கோல்கீப்பர் வெளியேறுவது வேறு கணக்கு. அங்கே கோல் உண்மையிலேயே திறந்துகிடக்கும், துணிந்த சூதாட்டம்.

இடிப்பது விதிப்படி சரிதான், பக் வைத்திருப்பவரை மட்டும். தலையில் இடித்தால் விடமாட்டார்கள். சண்டையைப் பற்றியும் கேட்பீர்கள். என்ஹெச்எல்லில் கைகலப்புக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். இங்கே ஆட்டத்தை விட்டே போக வேண்டும். 1987 ஜனவரி 4, அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் பியெஷ்டியானி நகரில் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய ஆட்டத்தில் பெஞ்சில் இருந்தவர்களும் இறங்கி அடித்துக்கொண்டார்கள். அடக்க முடியாமல் அரங்கின் விளக்குகளையே அணைத்துப் பார்த்தார்கள். இரண்டு அணிகளையும் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கனடா அப்போது 4-2 என்று முன்னிலையில் இருந்தது. தங்கம் பின்லாந்துக்குப் போனது.

சமனானால்

பிரிவு ஆட்டம் சமனானால் ஐந்து நிமிடம், பக்கத்துக்கு மூன்று பேர் மட்டும். பனி முழுக்கக் காலி இடமாகத் தெரியும், அழகான ஆட்டம் இதுதான். அதிலும் முடியாவிட்டால் ஷூட் அவுட். முதல் சுற்று முடிந்தும் சமன் என்றால் அடித்தவரையே மறுபடி மறுபடி அனுப்பலாம். 2007 அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராகக் கனடா இப்படித்தான் ஜோனதன் டேவ்ஸை மூன்று தடவை அனுப்பியது, மூன்றும் கோல். என்ஹெச்எல் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த விதி தெரியாது. பக்கத்து இருக்கைக்காரருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

இறுதி ஆட்டத்துக்கு ஷூட் அவுட் இல்லை. மூன்று பேருக்கு மூன்று பேர் என்று கோல் விழும்வரை ஆட வேண்டும். 2023இல் செக்குக்கு எதிராக டிலன் குவெந்தர் இப்படி அடித்துத்தான் கனடாவுக்கு 20ஆவது தங்கம் வந்தது. 2025இல் பின்லாந்துக்கு எதிராக அமெரிக்காவின் டெடி ஸ்டிகாவும் அப்படியே.

ஜனவரி 2ஐ விட்டுவிடாதீர்கள்

ஒரே ஒரு நாள்தான் பார்க்க முடியும் என்றால் இறுதியைவிடக் காலிறுதி நாளைச் சொல்வேன். நான்கு ஆட்டங்கள் அடுத்தடுத்து, தோற்றவர் வீட்டுக்கு.

பிரிவு ஆட்டங்களில் பளபளப்பவர்களை நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஸ்வீடனைப் பாருங்கள். 2006 கடைசியிலிருந்து 2020 கடைசிவரை பிரிவு ஆட்டங்களில் தொடர்ந்து 54 வெற்றி. வேறெந்த அணியும் கிட்டே வராத கணக்கு. அத்தனை வருடத்தில் கிடைத்த தங்கம் ஒன்றே ஒன்று, 2012இல். கனடாவின் கதையும் கேளுங்கள். 2024, 2025 இரண்டு வருடமும் காலிறுதியிலேயே செக் அணியிடம் தோற்று வெளியேறியது. இரண்டு முறையும் வெற்றி கோல் விழுந்தது கடைசி நிமிடத்துக்குள். அந்த வாரம் வேலைக்குப் போனவர்களுக்கு அலுவலகம் எப்படி இருந்தது என்று தெரியும்.

கேட்பவர்கள் உண்டு: "இவ்வளவு திறமைசாலிகள் இருந்தும் கனடா ஏன் தோற்கிறது?" ஒரு காரணம், மிகச் சிறந்த பையன்கள் சிலர் அதற்குள் என்ஹெச்எல்லுக்குப் போயிருப்பார்கள், அவர்களின் கிளப் விடாது. 2025இல் மேக்லின் செலப்ரினிக்கு வயது இருந்தது. ஆனால் அவர் சான் ஹோசே அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். இன்னொரு காரணம், செக்கும் பின்லாந்தும் லாத்வியாவும் உண்மையிலேயே நன்றாக ஆடுகின்றன. இதை இங்கே பலர் ஒப்புக்கொள்வதில்லை.

ஆட்டம் முடிந்ததும் வண்டி நெரிசலுக்குப் பயந்து ஓடாதீர்கள். இரண்டு அணிகளும் நீலக் கோட்டில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு அணியிலும் அன்றைய சிறந்த வீரருக்குப் பரிசு தருவார்கள். பிறகு ஜெயித்த நாட்டின் தேசிய கீதம். தோற்ற பையன்களும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்று கேட்க வேண்டும். 18 வயது முகங்களை அப்போது பார்த்தால், இவர்கள் இன்னும் பிள்ளைகள்தான் என்பது உறைக்கும். சமூக ஊடகத்தில் இவர்களைத் திட்டுபவர்கள் இந்த ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

போட்டி முடிந்த பிறகு

ஆசை பிடித்துவிட்டால் அடுத்த டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம். கனடா அணியில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஜூனியர் லீக் வீரர்கள், ஜனவரியிலேயே தங்கள் ஊர் அணிக்குத் திரும்பிவிடுவார்கள். ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் இருப்பவர்களுக்கு ஓஷாவா ஜெனரல்ஸ் கிட்டத்தில்தான். பாபி ஓர், எரிக் லிண்ட்ராஸ், ஜான் டவாரெஸ் எல்லாம் அங்கே ஆடியவர்கள். மேற்கே இருப்பவர்களுக்கு பிராம்ப்டனில் ஸ்டீல்ஹெட்ஸ். டிக்கெட் விலை டொரோண்டோ மேப்பிள் லீஃப்ஸ் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஏப்ரலில் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி வரும். பெண்கள் பிரிவில் 18 வயதுக்குட்பட்டோருக்கு ஜனவரியிலேயே உண்டு, 2008இலிருந்து நடக்கிறது, வேகத்திலும் பாஸிலும் அருமையாக இருக்கும்.

பிள்ளை தானும் ஆட வேண்டும் என்று கேட்டால் உடனே ஹாக்கிக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் நகராட்சியின் சறுக்குப் பயிற்சி வகுப்பு ஒரு பருவம் போகட்டும். பழைய பொருள் விற்கும் கடைகளில் ஸ்கேட் கிடைக்கும், கால் வளரும் வயதில் புதிதாக வாங்குவது வீண். 6இலிருந்து 10 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்ற அறிமுகத் திட்டம் இருக்கிறது, உபகரணங்களையும் சேர்த்தே தருவார்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், கோடையிலேயே விசாரித்து வையுங்கள்.